தேங்காய்ப் பருப்பு காயும் ஊரா? அப்படியானால் ஏசிக்கு அவசரப்படாதீர்கள்

போன சித்திரையில் பொள்ளாச்சியிலிருந்து அக்கா போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "நீ வாங்குன அதே கூலரத்தானே வாங்குனேன் சாமி, அதே கம்பெனி, அதே சைசு. ராத்திரி பூரா தண்ணி ஊத்தி ஓட்டுனா பெட்ஷீட்டுத்தான் சொதசொதன்னு ஆவுது, காத்து குளிரவே காணோம்." எங்கள் வீடு திருப்பூர் மாவட்டத்தில் வெள்ளகோவில் பக்கம். அதே கூலருக்கு முன்னால் இங்கே படுத்தால் விடியற்காலம் போர்வையைத் தேட வேண்டியிருக்கும்.

மெஷின் மேல் தப்பில்லை, ஊர் வேறு, அவ்வளவுதான். பொள்ளாச்சி பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் உட்கார்ந்திருக்கிற ஊர், மேற்கிலிருந்து வரும் காற்று ஈரத்தோடு வரும், போதாததற்குச் சுற்றிலும் தென்னந்தோப்பும் வாய்க்கால் தண்ணியும். காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர், மூலனூர் பக்கமெல்லாம் மழை மறைவு பூமி. காற்றில் ஈரம் கிடையாது என்பதால்தான் இந்தப் பக்கம் தேங்காய்ப் பருப்புக் களம், அதாவது கொப்பரை காயப்போடும் களம், இத்தனை இருக்கிறது, பொள்ளாச்சித் தேங்காயே லாரி ஏறி இங்கே வந்து காய்கிறது. அதனால் என்னிடம் யாராவது கூலரா ஏசியா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: உங்கள் ஊரில் பருப்பு காயுமா?

கூலர் செய்கிற வேலை ரொம்பச் சாதாரணம். நனைந்த பேடு (தண்ணி ஊறி நிற்கும் அட்டை) வழியாகக் காற்றை இழுக்கிறது, தண்ணி ஆவியாகும்போது காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணி ஆவியாகாது, அப்புறம் குளிர்ச்சி எங்கிருந்து வரும்? கணக்காகவே பார்க்கலாம். வெளியே 39 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வையுங்கள், ஒழுங்கான பேடு உள்ள கூலர் 28 டிகிரிக்குப் பக்கத்தில் காற்றைத் தரும், கிட்டத்தட்ட 11 டிகிரி லாபம். அதே கூலரை 35 டிகிரியும் 60 சதவீத ஈரமும் உள்ள இடத்தில் வைத்தால் 30-க்குக் கீழே இறங்குவதே கஷ்டம், அதோடு அந்தக் காற்று நசநசவென்று இருக்கும். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிபார்ட்மெண்டில் இரட்டைத் தெர்மாமீட்டர் தொங்கும், ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும், இரண்டுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ அதுதான் காற்றின் வறட்சி. வீட்டிலும் அறைச் சூடு காட்டும் சாதாரணத் தெர்மாமீட்டரின் அடியில் ஈரத்துணி சுற்றி ஃபேனுக்கு முன்னால் பத்து நிமிஷம் வைத்துப் பார்க்கலாம். சும்மா இருந்ததைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கினால் கூலர் வாங்குங்கள், ஐந்தாறுதான் இறங்குகிறது என்றால் அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். பல்லடம் பக்கம் பிராய்லர் ஷெட் வைத்திருப்பவர்களும் இதே சங்கதியைக் கோழி மூலமாகத் தெரிந்துகொண்டவர்கள்தான். ஒரு பக்கம் ஈரப் பேடு, மறு பக்கம் பெரிய ஃபேன், வறண்ட நாளில் ஜம்மென்று ஓடும், மழை இருட்டிக்கொண்டு நிற்கும் நாளில் தண்ணி மோட்டாரை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனை ஓட்டுவார்கள்.

சரி, கூலரா ஏசியா என்று கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள். காங்கிரீட் தளம் பகல் பூரா குடித்த வெயிலை உடனே உள்ளே விடாது, நாலைந்து மணி நேரம் பிடித்து வைத்திருந்து நாம் படுக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் இறக்கும். வெளியே வாசலில் ஜிலுஜிலுவென்று காற்று வீசும்போது மாடி அறை அடுப்பாக இருப்பது இதனால்தான்.

இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். மாடி அறைக்கு முதலில் ஒரு டன் ஏசிதான் வாங்கினேன். ராத்திரி பதினொன்று ஆகியும் அறைச் சூடு இறங்கவில்லை. வந்த மெக்கானிக் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு கேஸ் கம்மி என்று ஏற்றினார், காசு வாங்கினார். பதினைந்து நாளில் பழைய கதை, மறுபடியும் கேஸ் கம்மி. ஏசியில் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ லீக், லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணி ஊற்றுகிற வேலை. கடைசியில் வேறொருவரைக் கூட்டி வந்து பார்த்தால் லீக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, தலைக்கு மேலே 1,200 சதுர அடி மொட்டைத் தளம் மேற்கு வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

அந்த மாசியில் சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் பசை கலந்து மூன்று கோட் அடித்தோம். அடித்த வாரமே கையை வைத்தால் வித்தியாசம் தெரிந்தது, அதே ஏசி அரை மணியில் அறையை இறக்கியது. ஆனால் சுண்ணாம்பு ஒரு மழைக்காலம் தாங்காது, வருஷா வருஷம் அடிக்க வேண்டும், மாடியில் துணி காயப்போட்டால் வெள்ளை ஒட்டும், அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் சில வருஷம் வரும், எங்கள் பக்கம் கூலியோடு சதுர அடிக்கு முப்பது ரூபாய் வாக்கில் கேட்டார்கள். வெள்ளை கூலிங் டைல்ஸ் அதைவிட மூன்று மடங்காவது ஆகும், ஆனால் ஒரு தடவை போட்டால் மறந்துவிடலாம், தண்ணி கசிவுக்கும் நல்லது. எதைப் போட்டாலும் தூசி படிந்து பழுப்பேறிவிட்டால் பாதி வேலைதான் செய்யும், கோடைக்கு முன் ஒரு தடவை கழுவிவிட வேண்டும். அப்பாரு (தாத்தா) காலத்தில் தளத்தின் மேல் சுர்க்கி (செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புக் காரை) போட்டுத் தட்டை ஓடு பதித்ததும், வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டதும் இதே வேலைக்குத்தான், நாம்தான் வெறும் தளத்தை வெயிலில் விட்டுவிட்டு உள்ளே மெஷின் மாட்டுகிறோம்.

ஓட்டு வீட்டுக்காரர்கள் ஏசியை மறந்துவிடலாம். ஓட்டு இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று போய்க்கொண்டே இருக்கும், சீலிங் அடித்துச் சுற்றிலும் அடைத்தால்தான் அறையில் குளிர் நிற்கும், அதற்கு ஆகும் செலவு ஏசி விலைக்கு வந்துவிடும். நடுவே திறந்த முற்றம் (தொட்டி) வைத்த தொட்டிக்கட்டு வீடு இன்னும் இருந்தால், ஆசாரத்தில் (கூடத்தில்) நல்ல ஃபேன் ஒன்று போதும், உள்ளே புகுந்த சூடு தொட்டி வழியாக மேலே ஏறிப் போய்விடும். சிமெண்ட் ஷீட் போட்ட வீடுதான் பாவம், அங்கே ஷீட்டுக்கு மேல் வெள்ளை, கீழே சீலிங், அப்புறம் கூலர் என்று மூன்றும் சேர்ந்தால்தான் மனுஷன் படுக்க முடியும்.

ஃபேனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பழைய ஃபேன் 75 வாட் வாங்கும், இப்போது வரும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த) ஃபேன் 30 வாட் சுமாருக்கு அதே காற்றைத் தருகிறது, நாள் பூரா ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள். காற்று உடம்பில் பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போல இருக்கும், ஏசியோடு சேர்த்து ஓட்டினால் 24-க்குப் பதில் 26 அல்லது 27-ல் வைத்துத் தூங்கலாம். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் ஆறு சதவீதம் கரண்ட் மிச்சம் என்று பிஇஇ (மின் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பு) சொல்கிறது, 2020 ஜனவரியிலிருந்து புது ஏசியை ஆன் செய்தால் 24-ல் நிற்கும்படி விதி வைத்ததும் இதற்காகத்தான்.

கூலருக்கு வருவோம். வறண்ட ஊர்க்காரர்களும் அதில் செய்கிற பெரிய தப்பு, ஏசி போல நினைத்துக்கொண்டு கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டுவது. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப நனைத்தால் ஒரு மணி நேரத்தில் உங்கள் அறையும் பொள்ளாச்சி ஆகிவிடும். கூலர் ஜன்னலோரம் நின்று வெளிக்காற்றை இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஐஸ் கட்டி போடுவது இன்னொரு வேடிக்கை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுக்கும் சூட்டைவிட ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது எடுக்கும் சூடு ஏழு மடங்கு, ஆக ஐஸ் வாங்கும் காசுக்கு பேடைச் சுத்தம் செய்தாலே போதும்.

பேடு என்றதும் தண்ணி ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் போர் தண்ணி உப்பு. தண்ணி ஆவியாகப் போகும், உப்பு பேடிலேயே தங்கும், ஒரு கோடையில் தேன்கூட்டுப் பேடு கல்லாக இறுகிப்போகும், காற்று போக வழியிருக்காது. குழாயில் வரும் நல்ல தண்ணியைக் கூலருக்கு ஊற்ற வீட்டில் யாருக்கும் மனசு வராது, அதுவும் நியாயம்தான், நன்றாக ஓடும் கூலர் மணிக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும். நாங்கள் செய்வது, உப்புத் தண்ணியையே ஊற்றி மூன்று நாளைக்கு ஒரு தடவை தொட்டியை முழுசாக வடித்து விடுவது. அடியில் தேங்கும் தண்ணிதான் அதிக உப்பு, டெங்குக் கொசு பெருகுவதும் இப்படித் தேங்கும் தண்ணியில்தான். திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் தறியும் பனியன் கம்பெனியும் பக்கத்தில் இருந்தால் பஞ்சுத் தூசி வேறு, பேடிலும் ஏசி ஃபில்டரிலும் பத்து நாளில் கம்பளி விரித்தது மாதிரி படியும்.

கூலரின் நல்ல பக்கம் கரண்ட். 150 முதல் 200 வாட், எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடும். சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம், ராத்திரி வோல்டேஜ் இறங்கினாலும் கூலர் மெதுவாகவாவது சுற்றும், ஏசி தூங்கப் போய்விடும்.

இனி ஏசி. எட்டு மணி நேரத்துக்கு ஐந்து முதல் ஆறு யூனிட் என்று வைத்தால், இரண்டு மாச பில்லில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். யூனிட் ஏறுவதோடு கதை முடிந்தால் பரவாயில்லை, 500-ஐத் தாண்டுவதுதான் வில்லங்கம். தாண்டினால் கீழ் அடுக்குக்குக் கிடைக்கும் சலுகை விலையும் போய், 2024 ஜூலையில் ஏற்றிய கட்டணப்படி 500-க்கு மேலே ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல், 600-க்கு மேலே ஒன்பதுக்கு மேல். சாதாரணமாக 300 யூனிட் ஓடும் வீட்டில் ஆயிரத்துக்குள் வந்த பில், ஏசி சேர்ந்து 650 ஆனால் மூவாயிரத்தைத் தாண்டி நிற்கும். யூனிட் இரண்டு மடங்கு சுமார்தான், பணம் நாலு மடங்குக்கு மேல். அதனால் வீடு பூரா ஏசி என்ற ஆசையை விட்டுவிட்டு, எல்லோரும் படுக்கிற ஒரே அறைக்கு ஒன்று என்று யோசிப்பதுதான் நம் ஊருக்குப் பொருந்தும்.

கரண்ட் சிக்கனத்தைக் காட்ட ஏசியில் ஒட்டும் ஸ்டார் அட்டை விஷயத்தில் நான் கடைக்காரர்களோடு ஒத்துப் போகவில்லை. அட்டையில் போட்டிருக்கும் வருஷ யூனிட் 1,600 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டது. கொங்கு நாட்டில் அவ்வளவு ஏசி யார் ஓட்டுகிறார்கள்? பங்குனி பாதியில் ஆரம்பித்து கத்திரி முடியும்வரை ஓட்டுவோம், ஆனி பிறந்தால் கணவாய்க் காற்று கதவைத் தட்டும், உடுமலை பல்லடம் பக்கம் காற்றாலை சுற்ற ஆரம்பிக்கும், ஏசி ரிமோட் எங்கே போனது என்றே தெரியாது. முன்னே பின்னே சேர்த்துத் தாராளமாக 100 ராத்திரி என்றே வைத்தாலும், எட்டு மணி நேரம், 800 மணி. அட்டையில் மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் 200 யூனிட் வித்தியாசம் என்றால் நமக்குக் கிடைப்பது 100 யூனிட், அதாவது வருஷம் 900 ரூபாய் சுமார். விலை வித்தியாசம் எட்டாயிரம் பத்தாயிரம் இருந்தால் அதை எடுக்கப் பத்து வருஷம். கரூரிலோ ஈரோட்டிலோ பகலிலும் ஓட்டுகிறவர்கள், வயசானவர்கள் இருக்கும் வீடு, கடை, கிளினிக் என்றால் ஐந்து ஸ்டார் வாங்கலாம், ராத்திரிக்கு மட்டும் என்றால் மூன்று ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி (கம்ப்ரஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை) வாங்கிவிட்டு மிச்சக் காசில் தளத்துக்கு வெள்ளை அடியுங்கள். ஸ்டார் அளவை அவ்வப்போது இறுக்குகிறார்கள், போன வருஷ ஐந்து ஸ்டார் இந்த வருஷம் நாலாக இருக்கலாம், அதனால் நட்சத்திரத்தை எண்ணுவதைவிட அட்டையில் உள்ள யூனிட்டைப் பாருங்கள்.

டன் என்றால் எடை இல்லை, ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு சூட்டை எடுக்குமோ அந்த அளவு. பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே இன்னொரு மாடி இருக்கிறது என்றால் ஒரு டன் போதும். மேலே வெறும் தளம், மேற்குச் சுவர் வெயிலில் என்றால் ஒன்றரை. வெளி யூனிட்டை மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள், வேறு வழியில்லை என்றால் காற்றை மறைக்காமல் மேலே ஒரு நிழல் கொடுங்கள். காப்பர் காயில் கேளுங்கள், லீக் வந்தால் பற்றவைத்துச் சரி செய்யலாம்.

லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சுவரை ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். அதற்காகச் சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி வாங்கிவிடாதீர்கள், அதன் குழாய் அறைக்காற்றை வெளியே தள்ளும், தள்ளிய காற்றுக்கு ஈடாக இடுக்கு வழியே வெளி அனல் உள்ளே வரும், பாதிக் குளிர் அதிலேயே போகும். ஜன்னல் ஏசிக்கு அனுமதி வாங்கப் பாருங்கள், இல்லாவிட்டால் திருப்பூர் வறட்சிக்குக் கூலரே ஓடும்.

கோபி, பவானிக்காரர்கள் கேட்பார்கள், எங்களுக்கு எது என்று. வாய்க்காலில் தண்ணி விட்டு நெல் நிற்கும் காலத்தில் கூலர் பிரயோஜனமில்லை, அங்கே ஃபேன், வெள்ளைத் தளம், ஒரு ஏசி. கோயமுத்தூரில் பல வருஷம் ஃபேனே போதுமாக இருந்தது, இப்போதும் கீழ் மாடியில் இருப்பவர்கள் ஃபேனோடு ஓட்டிவிடலாம் என்றுதான் சொல்வேன்.

சூடாக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. வால்பாறையிலும் ஏற்காட்டிலும் வீடு இருந்தால் குளிரும் சூடும் இரண்டும் தரும் ஏசி வாங்கலாம், ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவு சூட்டை வெளியிலிருந்து இழுத்து வந்து தரும், கம்பி சிவக்கும் ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான். சமவெளியில் மார்கழிக்கு ஒரு போர்வை போதும், நமக்குச் சூடு வேண்டியது குளிக்கத்தான். 15 லிட்டர் தண்ணியை 25 டிகிரி ஏற்ற அரை யூனிட்கூட ஆகாது, இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு சோலார் வாட்டர் ஹீட்டர் என்பது கொஞ்சம் அதிகப்படி. ஆள் அதிகம் என்றால் வாங்குங்கள், உப்புத் தண்ணிக்குக் கண்ணாடிக் குழாய் வைத்ததுதான் தாங்கும்.

அதைவிட, சொந்த மாடி இருந்தால் சோலார் பேனலை யோசிக்கலாம். ஒரு கிலோவாட் நாளுக்கு நாலு யூனிட் சுமாருக்குத் தரும், 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். 500 யூனிட் வில்லங்கத்திலிருந்து தப்பிக்கலாம், அதோடு பேனல் நிற்கிற இடமெல்லாம் தளத்துக்கு நிழல். நான் இன்னும் போடவில்லை, மேற்குப் பக்கத்து வேப்ப மரத்தை வெட்டச் சொல்கிறார்கள், அந்த மரம்தான் சாயங்கால வெயிலை மறைக்கிறது.

அக்கா கடைசியில் மாடிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஒரு டன் மூன்று ஸ்டார் மாட்டிவிட்டாள். அந்தக் கூலரை மச்சான் வேன் பின்னால் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். இப்போது அது எங்கள் சாளைத் திண்ணையில், அப்பாவின் கட்டிலுக்கு நேராக நிற்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அவரே எழுந்து நிறுத்திவிடுகிறார், குளிர்கிறதாம்.